மெதுவாகப் போனால் திணறும் பைக்: புது வண்டி கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, திண்டுக்கல்லில் சொந்தமாகப் பார்சல் டெலிவரி எடுத்துச் செய்கிறேன். பதினான்கு மாதத்துக்கு முன்பு கோவையில் ஒரு ஷோரூமில் 125 சிசி பைக் வாங்கினேன். ஆன்-ரோடு விலை 1,15,000 ரூபாய். பாதிக்கு மேல் கடன். முதல் சர்வீஸ் ஆவதற்கு முன்பே பிரச்சினை தொடங்கிவிட்டது. மெதுவாகப் போனால் இன்ஜின் திணறுகிறது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டி ஓட்டினால் ஒரு குறையும் தெரிவதில்லை. பல தடவை சர்வீஸுக்கு விட்டேன். பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியை கிளீன் செய்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பழையபடி. இப்போது, பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் புது வண்டி கேட்க முடியுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்கலாம். ஆனால் வண்டி திணறுகிறது என்று சொன்னால் மட்டும் புது வண்டி கிடைத்துவிடாது. எதனால் திணறுகிறது என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட புகார்கள் பலவும் நியாயம் இருந்தும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10) 'குறைபாடு' என்பதற்குப் பரந்த பொருள் தருகிறது. சட்டமோ ஒப்பந்தமோ கோருகிற தரம், அளவு, ஆற்றல் எதில் குறை இருந்தாலும் அது குறைபாடே. சிக்னலுக்கு சிக்னல் நின்றுபோகும் புது பைக் இந்த வரையறைக்குள் தாராளமாக வரும். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. குறைபாடு இருப்பதால் உதிரிபாகம் மாற்றித் தர வேண்டுமா, முழு வண்டியையே மாற்ற வேண்டுமா?

இதில் உச்ச நீதிமன்றம் 2006-ல் மாருதி உத்யோக் எதிர் சுசில் குமார் கப்கோத்ரா வழக்கில் சொன்னதை ஷோரூம் தரப்பு வழக்கறிஞர்கள் தவறாமல் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு காரின் கிளட்ச் சரியில்லை என்ற புகாரில், காரையே மாற்றித் தரும்படி கீழே உத்தரவாகியிருந்தது. வாரன்டி நிபந்தனைப்படி பழுதான பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றுவதும்தான் நிறுவனத்தின் கடமை என்று கூறி, அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாசகருக்குச் சாதகமான தீர்ப்பும் உண்டு. 2010-ல் சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் காரைப் பரிசோதித்து, உற்பத்தியிலேயே குறை இருப்பதாகச் சொன்னால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. முழு விலை கேட்கும் வழக்கில் நிபுணர் அறிக்கைதான் உயிர்நாடி.

அந்த நிபுணர் எதைப் பார்ப்பார் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெக்கானிக் பட்டறையில் 'ஐட்லிங்' என்று சொல்லும் நிலையில், இந்த அளவு பைக்குகளின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றும். அப்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். வேகம் கூடும்போது உள்ளே போகும் காற்று பல மடங்காவதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. ஐம்பதுக்கு மேல் சுகமாக ஓடுகிறது என்று வாசகர் எழுதியிருப்பது இதனோடு பொருந்துகிறது. ஆனால் டேப்பட் இடைவெளி இறுக்கமாக இருந்தாலும், இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும், ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு மக்கர் செய்தாலும் ஏறக்குறைய இதே அறிகுறிதான்.

ஓட்டுகிறவருக்கு எல்லாமே ஒரே தொல்லை. சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் வேறு. ரப்பர் குழாயில் வெடிப்பு என்றால் அது பழுதான பாகம்; வாரன்டியில் இலவசமாக மாற்ற வேண்டும், அதோடு அலைந்ததற்கு இழப்பீடு கேட்கலாம். டேப்பட்டைச் சரியாக வைக்காமலே ஒவ்வொரு முறையும் வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது சர்வீஸ் சென்டரின் சேவைக் குறைபாடு. சிலிண்டர் ஹெட்டிலேயே வால்வு உட்காரும் இடம் சரியாகக் கடையப்படாமல் கம்ப்ரஷன் கசிகிறது என்றால்தான் அது உற்பத்திக் குறை என்ற வாதம் வலுவாக நிற்கும். விலையைத் திருப்பிக் கேட்கும் வழியும் திறக்கும். பிளக்கை மாற்றிப் பார்த்தோம், துடைத்துப் பார்த்தோம் என்பதெல்லாம் காரணம் கண்டுபிடித்ததாக ஆகாது.

ஆகவே முதல் வேலை, வண்டியை மறுபடி சர்வீஸ் சென்டரில் விட்டு, செய்ய வேண்டிய சோதனைகளைப் பெயர் சொல்லி எழுத்தில் கேட்பது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் சூடானபின்பும் ஐட்லிங் எத்தனை, ஸ்கேனரில் என்ன கோளாறு எண் வருகிறது, ஃப்யூல் பிரஷர் எவ்வளவு, டேப்பட் இடைவெளி எவ்வளவு, கம்ப்ரஷன் எவ்வளவு, ரப்பர் குழாயில் கசிவு உண்டா. பிஎஸ்6 வண்டிகளில் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஓபிடி வசதி இருப்பதால் ஸ்கேனர் எண்ணைக் குறித்துக் கொடுப்பது சில நிமிட வேலைதான்.

ஜாப் கார்டு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. வாடிக்கையாளர் பத்து நிமிடம் விளக்கியதை சர்வீஸ் அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். பிறகு நுகர்வோர் ஆணையத்தில், இப்படி ஒரு புகாரே வரவில்லை என்று அந்த ஜாப் கார்டையே தாக்கல் செய்வார்கள். 'குறைந்த வேகத்தில் திணறல், ஐட்லிங்கில் ஆஃப் ஆகிறது' என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போட வேண்டும். வண்டியை எடுக்கும்போது 'வேலை திருப்தி' என்ற சீட்டை நீட்டுவார்கள். குறை தீரவில்லை என்றால் கையெழுத்துக்கு மேலே 'ஐட்லிங் குறை தொடர்கிறது' என்று எழுதிவிட்டே கையெழுத்துப் போடலாம்; அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. பழைய ஜாப் கார்டுகளின் நகல் கையில் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வண்டி நின்றுபோவதை மீட்டர் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து வைப்பதும் உதவும். அதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைப்பது நல்லது. வெளி மெக்கானிக்கிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம், இன்ஜினைப் பிரிக்க மட்டும் விடக் கூடாது. சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றியிருந்தால் எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும்.

எத்தனால் பதிலுக்கு வருவோம். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இன்று நாடு முழுக்க விற்கப்படுகிறது. பதினான்கு மாதத்துக்கு முன்பு வாங்கிய வண்டிக்கு இது புதிதாக வந்த எரிபொருள் அல்ல. வண்டியோடு தந்த கையேட்டிலும் டேங்க் மூடிக்கு அருகே உள்ள ஸ்டிக்கரிலும் இ20 ஏற்றது என்று இருந்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும்; இ20 பெட்ரோலைக் காரணம் காட்டும் வாதம் அங்கேயே அடிபடும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அது வேறு விஷயம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால், பல நாள் ஓட்டாமல் வைத்த வண்டியில் அந்தச் சந்தேகம் நியாயமானது. தினமும் ஓடும் டெலிவரி வண்டியில் மாதக்கணக்காக, அதுவும் மெதுவாகப் போகும்போது மட்டும், அதே குறை வருவதற்கு அதைக் காரணமாகச் சொல்வது எளிதல்ல. பெட்ரோல் போட்ட பில்களைச் சேர்த்து வைக்கலாம். சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்து காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

சோதனை முடிவு வந்தபிறகும் பலன் இல்லை என்றால், ஷோரூம், தயாரிப்பு நிறுவனம் இருவருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் சில நேரம் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். வழக்கு என்று போனால் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது அவசியம். டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில், 2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு டீலர் ஓடிய 2009 மாடலைக் கொடுத்திருந்தார். டீலர் செய்த தவறு நிறுவனத்துக்குத் தெரியும் என்று காட்டப்படாததால் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. யார் எதற்குப் பொறுப்பு என்று மனுவிலேயே பிரித்து எழுத வேண்டும்: குறையுள்ள பாகத்துக்கு நிறுவனம், அதைக் கண்டுபிடிக்காமல் அலையவிட்டதற்கு ஷோரூம்.

இதற்காக வாசகர் கோவைக்கு அலைய வேண்டாம். 2019 சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போட அனுமதிக்கிறது. திண்டுக்கல் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடலாம். டெலிவரி வேலைக்கு வாங்கிய வண்டி வணிக உபயோகம், அதனால் நீ நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பக்கூடும். சுயதொழிலில் தன் பிழைப்புக்கென வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று பிரிவு 2(7)-ன் விளக்கமே சொல்வதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

காலக்கெடு விஷயத்தில் அசட்டை கூடாது. பிரிவு 69-ன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. முதல் சர்வீஸுக்கு முன்பே குறை தெரிந்துவிட்டதால் அன்றிலிருந்து கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பு. அடுத்தடுத்த சர்வீஸால் கெடு நீளும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மனுவோடு சேர்த்து, வண்டியை நிபுணரைக் கொண்டு பரிசோதிக்கக் கோரித் தனி மனு போட வேண்டும். பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெற பிரிவு 38 வழி செய்கிறது. வண்டி வழக்குகளில் மோட்டார் வாகன ஆய்வாளரையோ அரசுப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ நியமிக்கும்படி கேட்கலாம். அதற்கான செலவை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். கோரிக்கையையும் படிப்படியாக வைப்பது புத்திசாலித்தனம்: விலை வட்டியுடன், அது முடியாவிட்டால் அதே வகைப் புது வண்டி, அதுவும் இல்லையென்றால் குறையை முழுதாக நீக்கி வாரன்டியை நீட்டித்து இழப்பீடு. புது வண்டி மட்டும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக எழுதினால், நிபுணர் அறிக்கை ரப்பர் குழாயோடு நின்றுவிட்டால் வழக்கே ஆட்டம் காணும். வழக்கு நடக்கும்போது ஓடிய கிலோமீட்டரும் கேள்விக்கு வரும். பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் ஓட்டுவதாக மனுவிலேயே எழுதிவிட வேண்டும். கடன் தவணையை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. வண்டி சரியில்லை என்பது ஷோரூமோடு உள்ள வழக்கு. ஃபைனான்ஸ் கம்பெனி அதைக் கேட்காது, வண்டியைத் தூக்கிவிடும். பரிசோதிக்க வண்டியே இல்லாமல் போகும்.

சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆகும். உத்தரவில் திருப்தி இல்லாதவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். உத்தரவை மதிக்காத எதிர்த்தரப்புக்குப் பிரிவு 72-ன் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதே மாடல் வைத்திருக்கும் மற்ற டெலிவரி நண்பர்களையும் வாசகர் விசாரித்துப் பார்க்க வேண்டும். பலருக்கும் ஒரே குறை இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பிலும் ஒரே மனுவாகப் போட பிரிவு 35 இடம் தருகிறது. ஓடும்போது இன்ஜின் நிற்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 110ஏ-ன் கீழ் அந்த மாடலைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. உரிமையாளர்களின் புகார்கள் அதற்கான காரணங்களில் ஒன்று என்று சட்டமே சொல்வதால், ஒவ்வொருவரும் தனித்தனியே அரசிடம் புகாரைப் பதிய வேண்டும்.