பிடித்துக்கொண்ட டிஸ்க்: சுத்தியலா, போல்ட்டா?

காலிப்பரைக் கழற்றியாயிற்று, அதன் பிராக்கெட்டையும் எடுத்தாயிற்று. இனி டிஸ்க் தானாகக் கையோடு வர வேண்டும். வரவில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போல உப்புக்காற்று அடிக்கும் ஊர்களின் கார்களுக்கும், மழைவெள்ளத்தில் நின்ற சென்னைக் கார்களுக்கும் இது பழகிய வியாதி. டிஸ்க்கின் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையே மயிரிழை இடுக்குதான். அங்கே துரு ஏறினால், இரும்பைவிட அதற்கு இடம் அதிகம் வேண்டும். இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடும்.

எந்த முறை என்று யோசிக்குமுன், இந்த டிஸ்க் திரும்ப மாட்டப்படுமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

உண்மையில் துருதான் பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹோண்டா கார்கள் பலவற்றில் டிஸ்க்கை ஹப்போடு பிணைக்க இரண்டு சிறிய ஸ்க்ரூக்கள் உண்டு. துரு மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும். சுத்தியலால் தட்டித் திருகும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். பின்சக்கர டிஸ்க்குக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் ஷூ இருக்கும் வண்டியென்றால், ஹேண்ட் பிரேக்கை இறக்கி, அட்ஜஸ்டரையும் தளர்த்த வேண்டும். ஷூ பிடித்திருக்கும்போது எவ்வளவு அடித்தும் பயனில்லை.

இனி முறைகள். என் ஓட்டு முதலில் போல்ட்டுக்கு. ஜப்பானிய, கொரியக் கார்கள் பலவற்றின் டிஸ்க் முகத்தில், வீல் போல்ட் துளைகளுக்கு நடுவே மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். பெரும்பாலும் எம்8 அளவு, 1.25 மி.மீ. மரை. கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, எண்ணெய் விட்டு, இரண்டு போல்ட்டுகளை உள்ளே திருகுங்கள். நுனி ஹப்பின் முகத்தில் முட்டும். பிறகு திருகத் திருக டிஸ்க் வெளியே தள்ளப்படும். ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகுங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் மோசமாகக் கடித்துக்கொள்ளும். ரொம்பவும் இறுகினால் அப்படியே விட்டு, நடுவட்டத்தில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். விடாப்பிடியாகத் திருகினால் மரை போய்விடும். வீல் நட் ஒன்றை இரண்டு மரை மட்டும் ஏற்றி வையுங்கள். டிஸ்க் திடீரென்று விடுபட்டால் காலில் விழாது.

இதன் அருமை, விசை டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான். சுத்தியல் அடியோ ஹப் வழியாகப் பேரிங் குண்டுகளுக்குப் போகிறது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற பழமொழியைப் பட்டறைகளில் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து சில வாரம் கழித்து ஊளைச் சத்தம் கேட்கும்போது, காரணம் அந்த அடிதான் என்று யாருக்கும் தோன்றாது. ஏபிஎஸ் சென்சாரும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

சுத்தியலே கூடாதென்று சொல்லவில்லை. மறுபடி மாட்டும் டிஸ்க்கானால் வீல் போல்ட்டுகளுக்கு இடையே, பிளாஸ்டிக் முனைச் சுத்தியலால், டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றித் தட்டலாம். பேட் உரசும் பரப்பைத் தொடவே கூடாது. தூக்கிப்போடும் டிஸ்க்கானால் பின்னாலிருந்து ஓரத்தில் அடிக்கலாம். வார்ப்பிரும்பு சில்லாகத் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் வேண்டாம்.

மரைத் துளையே இல்லாத, மாற்றப்போகிற டிஸ்க்குக்கு ஒரு நடுவழி இருக்கிறது. காலிப்பர் பிராக்கெட் உட்கார்ந்த துளை வழியே உள்பக்கத்திலிருந்து நீள போல்ட் ஒன்றை விட்டு, டிஸ்க் பக்கம் நட் மாட்டுங்கள். நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகினால் நுனி டிஸ்க்கின் முதுகைத் தள்ளும். டிஸ்க்கைக் கொஞ்சம் சுழற்றித் திரும்பவும் தள்ளுங்கள். பேரிங்குக்குப் பாரம் போகத்தான் செய்யும். ஆனால் அழுத்தமாக, அடியாக அல்ல.

மூன்று கால் புல்லர் கையில் இருந்தால் நல்லது. இதற்காக வாங்கத் தேவையில்லை. கேஸ் டார்ச் எனக்குப் பிடிக்காத வழி. பேரிங் கிரீஸ் உருகும், சீல் கருகும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். கிரைண்டரால் வெட்டி உளியால் பிளப்பது கடைசி வழி.

கழற்றியபின் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். அங்கே துளி துரு மிஞ்சினாலும் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிரும். நடுவட்டத்தில் மட்டும் காப்பர் கிரீஸை மெல்லப் பூசலாம். எண்ணெய் பட்ட பேட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். எல்லாம் பூட்டியதும், வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும்.