"ஆம்" என்ற விடையும் சம்மதமும்

சரியாகச் சமைக்காவிட்டால் மனைவியைக் கணவன் அடிக்கலாமா? தேசியக் குடும்ப நல ஆய்வில் இப்படியும் ஒரு வினா உண்டு, தோழியரே! எதிர்த்துப் பேசுவது, சொல்லாமல் வெளியே போவது, கணவனுக்கு இணங்க மறுப்பது என ஏழு காரணங்களைக் கேட்பார்கள். ஏதேனும் ஒன்றுக்கேனும் "அடிக்கலாம்" என்ற இந்தியப் பெண்கள் 2015–16இல் 52 விழுக்காடு, 2019–21இல் 45. ஆண்களிலோ 42 என்பது 44 ஆயிற்று! அடிபடுகிறவளே அடியை நியாயம் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

வன்முறை பற்றிய வினாக்களை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், அவள் சம்மதம் பெற்று, தனிமையில் கேட்கிறார்கள். அவள் மறுக்கலாம். அவளுடைய விருப்பத்தை ஒருவர் கேட்பது அதுவே முதல் முறையாகவும் இருக்கலாம். சேர்வராயன் மலைத் தோட்டங்களில், சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில், அத்தனிமைக்காகக் காப்பிச் செடிகளின் நடுவே போய்த்தான் பேச வேண்டியிருக்கும்.