காலில் அமைந்த பற்சக்கரம்

மிதிவண்டியிலும் கடிகாரத்திலும் சுழலும் பற்சக்கரம், மனிதன் ஆக்கிய கருவி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், ஐரோப்பாவில் ஐவிக் கொடிகளில் வாழும் இசஸ் என்னும் தத்துப்பூச்சியின் இளம்பருவக் கால்களிலும் அது அமைந்துள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களான மால்கம் பர்ரோஸ், கிரிகோரி சட்டன் ஆகிய இருவரும் அதன் இயக்கத்தை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

பூச்சியின் கால் காக்சா, ட்ரோகாண்டர், ஃபீமர், டிபியா, டார்சஸ் என்னும் ஐந்து பகுதிகளால் ஆனது. வெட்டுக்கிளி, ஃபீமருக்கும் டிபியாவுக்கும் இடையிலுள்ள மூட்டை விசையுடன் நீட்டித் தாவுகிறது. தத்துப்பூச்சிக்கோ, உடலை ஒட்டிய காக்சாவும் ட்ரோகாண்டரும் இணையும் மூட்டே தாவுவதற்குரிய மூட்டாகும். மார்பிலுள்ள பெருந்தசைகள் மெல்லச் சுருங்கி, உடற்சட்டத்தின் ஒரு பகுதியை வில்போல் வளைத்து ஆற்றலைச் சேமிக்கின்றன. வளைந்த வில் விடுபட்டதும் பின்னங்கால்கள் விரிகின்றன. ஏறத்தாழ 2 மில்லிவினாடியில் பூச்சி மேலெழுகிறது.

இங்கு ஓர் இடர் உண்டு. பின்னங்கால்கள் இரண்டும் உடலின் அடியில் அருகருகே இயங்குகின்றன. ஒரு கால் சற்றே முந்தினாலும் உடல் பக்கவாட்டில் சுழன்று, தாவும் திசை மாறிவிடும். நரம்பின் வழியே செல்லும் கட்டளையால் மட்டும் இத்துணைக் குறுகிய நேரத்தில் இரு கால்களையும் ஒருங்கே இயக்க இயலாது. நரம்பால் இயலாததை மூட்டின் அமைப்பே நிறைவேற்றுகிறது. இரண்டு ட்ரோகாண்டர்களிலும் 10 முதல் 12 பற்கள் வரை வளைந்த வரிசையாக அமைந்துள்ளன. ஒரு காலின் பற்கள் மறுகாலின் பற்களோடு பொருந்திச் சுழல்வதால், ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே தீரும். இரு கால்களின் இயக்கத்திற்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 30 மைக்ரோவினாடிக்குள் அடங்குகிறது.

வியப்பு இத்துடன் முடியவில்லை. இறுதியாகத் தோலுரித்து முதிர்பூச்சியாகும்போது இப்பற்கள் மறைந்துவிடுகின்றன. இளம்பூச்சியின் பல் ஒன்று உடைந்தால், அடுத்த தோலுரிப்பில் புதியது தோன்றக்கூடும். முதிர்பூச்சி மீண்டும் தோலுரிப்பதில்லை; உடைந்த பல்லைப் புதுப்பிக்கவும் வழியில்லை. இதுவே காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். முதிர்பூச்சியின் ட்ரோகாண்டர்கள் ஒன்றோடொன்று உராய்வதால் கால்கள் இணைந்து இயங்குகின்றன.

நுட்பமான உறுப்பு என்பதால் மட்டும் இயற்கை அதனைத் தக்கவைப்பதில்லை. பழுதைச் சரிசெய்ய வாய்ப்புள்ள பருவத்தில் பற்சக்கரம். வாய்ப்பற்ற பருவத்தில் எளிய உராய்வு. எந்த அமைப்பும் அதனைத் தாங்கும் வாழ்வோடு பொருந்தும்போதே பயன் தரும் என்பதனை இச்சிறு மூட்டு உணர்த்துகிறது.