பாட்டி கழுவிய கோழி

மாணவர்களே, ஈப்போவுக்குப் போனவர்கள் தவுகே கோழியைச் சாப்பிடாமல் திரும்புவது குறைவு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைநீரால்தான் அந்தத் தவுகே பருத்து வளர்கிறது என்பார்கள் ஊரார். அந்தக் கோழியையும் தவுகேயையும் கொண்டு, தம்பி தங்கையோடு சேர்ந்து ஒரு சாலட் செய்வோம்.

தேவையான பொருள்கள்

எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 300 கிராம், தவுகே 2 கைப்பிடி, வெள்ளரிக்காய் 1, கேரட் 1, தயிர் 4 மேசைக்கரண்டி, எலுமிச்சை பாதி, உப்பு, மிளகுத்தூள்.

செய்முறை

1. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். காய்கறிகளை முதலில் கழுவி நறுக்கி, மூடி வையுங்கள். காய் கழுவுவதும் தயிர் கலக்குவதும் சிறியவர்கள் வேலை. கத்தியையும் அடுப்பையும் பெரியவர் துணையோடு நீங்கள் பாருங்கள்.
2. கோழியைக் கழுவாமல் நேரே கொதிநீரில் போட்டு, மிதமான தீயில் வேகவிடுங்கள். கறியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸை எட்ட வேண்டும்.
3. தவுகேயைத் தனியாகக் கொதிநீரில் 1 முதல் 2 நிமிடம் வேகவிட்டு வடியுங்கள்.
4. ஆறிய கோழியை உதிர்த்து, எல்லாவற்றையும் கலந்து உடனே பரிமாறுங்கள்.

ஏன் இப்படி?

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் கோழியை மஞ்சள் தேய்த்துப் பலமுறை கழுவுவார்கள். சுத்தம் பார்க்கும் நல்ல மனம்தான். ஆனால், குழாய்நீர் பட்டுத் தெறிக்கும் துளிகள் சல்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களைப் பக்கத்திலுள்ள வெள்ளரிக்காய்மீதும் சேர்த்துவிடும். கோழி பிறகு வேகும், வெள்ளரி வேகாது!

எலுமிச்சைச் சாறு கிருமியைக் கொல்லாதா? அமிலம் புரதத்தின் வடிவத்தைக் குலைப்பதால், பச்சைக் கறி வெந்ததுபோல வெளுக்கும். உள்ளிருக்கும் பாக்டீரியா பிழைத்திருக்கும். அதைக் கொல்ல வெப்பம் வேண்டும்.

தவுகேக்கும் இதே விதிதான். பயறு முளைக்கத் தேவையான ஈரமும் இளஞ்சூடும் பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தின்வழி ஈ.கோலை பரவி, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கணக்கிடுங்கள்

சாதகமான சூழலில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. 2 மணி நேரத்தில் அது 64 ஆகும். சாலட் 4 மணி நேரம் மேசையிலேயே இருந்தால்?

விடை: 4,096. ஆகவே மீதியை 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். கோழியை ஏன் கழுவவில்லை என்று பாட்டி கேட்டால், வெள்ளரிக்காயைக் காட்டி விளக்குங்கள்.