தரையை மூடும் வெள்ளை ஓரக் கற்பூரவல்லி

கற்பூரவல்லி என்றதும் வாழையை நினைக்க வேண்டாம். இங்கே பேசுவது இருமலுக்குச் சாறு பிழியும் ஓமவல்லி. அதில் இலை ஓரம் வெள்ளையாக இருக்கும் வகை ஒன்று நர்சரிகளில் கிடைக்கிறது. அழகுக்கு வாங்கித் தொட்டியில் வைத்துவிடுகிறோம். தரையில் விட்டால் அது படர்ந்து மண்ணை மூடி, பல வருஷம் நிற்கும்.

திண்டுக்கல் சமவெளியின் செம்மண்ணில் சித்திரை வெயில் நேராக விழுந்தால் மேல்மண் சுட்டுப் பொரிந்துபோகும். அதனால்தான் மூடாக்கு, மூடாக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் கிடைக்காத வீட்டுத் தோட்டத்துக்கு இந்தச் செடி நல்ல உயிர் மூடாக்கு. ஆனால் ஏக்கர் கணக்கில் யோசிக்காதீர்கள். உயிருள்ள எந்த மூடாக்கும் தண்ணீர் குடிக்கும். கிணறு வற்றுகிற ஊரில் வயலுக்குக் காய்ந்த மூடாக்கோ, மழையை நம்பி விதைக்கும் கொள்ளு, தட்டைப்பயறோதான் சரி.

இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அங்கே உணவு தயாராகாது, வெயில் பட்டால் முதலில் கருகுவதும் அதுதான். ஆகவே முழு வெயில் வேண்டாம். செடிமுருங்கையின் சல்லடை நிழல், கொய்யா மரத்தடி, வீட்டின் கிழக்குப் பக்கம் என்று காலை வெயில் மட்டும் படுகிற இடமாகப் பாருங்கள். மரத்தின் தூரிலிருந்து ஒரு அடி தள்ளியே நடுங்கள்.

ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். நாலு கணு உள்ள துண்டாக, அரை அடி நீளத்துக்கு வெட்டி, அடியிலை இரண்டைக் கிள்ளிவிடுங்கள். தண்டில் நீர் அதிகம் என்பதால் அரை நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நடணும். உடனே ஊன்றினால் அழுகும். செடிக்குச் செடி ஒன்றரை அடி போதும். தண்ணீர் தேங்குகிற பள்ளம் மட்டும் ஆகவே ஆகாது. மேட்டுப்பாத்தி போட்டுக்கொள்ளுங்கள். எரு கொஞ்சமாகப் போதும். ஊட்டம் கூடினால் இலை பெருக்கும், வாசம் குறையும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம்.

பலர் கவனிக்காதது ஒன்று. படர்ந்த செடியில் அங்கங்கே முழுப் பச்சைக் கிளை கிளம்பும். பச்சையம் முழுக்க இருப்பதால் அது வேகமாக வளர்ந்து வெள்ளை ஓரக் கிளைகளை அமுக்கிவிடும். பார்த்த அன்றே அடியோடு கிள்ளணும். கிள்ளியதை வேறு இடத்தில் நட்டால் சாதாரணக் கற்பூரவல்லி ஆச்சு, பஜ்ஜிக்கு உதவும். முழு வெள்ளைக் கிளையும் வரும், ஆனால் தனியாக நட்டால் பிழைக்காது.

இதே வேலைக்கு நர்சரிக்காரர்கள் வெடேலியாவையும் கொடுப்பார்கள். பளபளப்பான தடித்த இலை, மஞ்சள் பூ. மஞ்சள் வரி ஓடிய இலையிலும் உண்டு. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் உண்ணிச்செடியோடு சேர்ந்து இதுவும் இருக்கிறது. ஒவ்வொரு கணுவும் வேர் விடும். வாய்க்கால் ஓரம் நட்டால், ஒடிந்த துண்டு தண்ணீரோடு போய் அடுத்தவர் வரப்பில் முளைக்கும்.

இதைவிடக் கவலை, இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்பதும் கீரையாகச் சமைப்பதும். இலையைப் பார்த்தாலே பிரித்துவிடலாம். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டு, சொரசொரப்பாக, ஓரம் பெரிதாக வெட்டுப்படாமல் இருக்கும். வெடேலியா இலை அகலமாக, பெரும்பாலும் மூன்று மடல் பிரிந்து, பல் பல்லாக இருக்கும். பூவும் பெரிது. சந்தேகம் இருந்தால் சட்டியில் போடாதீர்கள்.

ஏற்கெனவே தோட்டத்தில் ஏறிவிட்டதா? மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கொடியை இழுத்து, கணு விடாமல் பொறுக்குங்கள். குப்பைக்குழியில் பச்சையாகப் போட்டால் அங்கேயே தழைக்கும். பாறை மேலோ தகரத்தின் மேலோ பரப்பி, ஒடித்தால் நொறுங்குகிற வரை காயவிட்டு, அப்புறம் மூடாக்காகப் போடலாம். விட்டுப்போன துண்டு முளைக்கும் என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க இந்த வேலை இருக்கும்.