சிலிம் ரிவர் டாங்கி, நம் செம்மண்ணோடு: 1/35 அளவு மாடல் செய்ய ஒரு வழிகாட்டி

1942 ஜனவரி 7. பொழுது விடிவதற்கு முன், சுமார் 3.30 மணிக்கு, பேராக்கின் துரோலாக் பக்கம் நெடுஞ்சாலை வழியே ஜப்பானிய டாங்கிகள் இறங்கின. மேஜர் ஷிமாடா தலைமையில் வந்த அந்த அணியில் பெரும்பாலானவை ‘டைப் 97 சி-ஹா’ வகை. எதிரே நின்றது 11ஆவது இந்திய டிவிஷன்: ஹைதராபாத், பஞ்சாப், கூர்க்கா படைகள், அவற்றோடு ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படை. அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. இருபுறமும் காடும் கித்தாத் தோட்டமும் நெருக்கிய ஒற்றைச் சாலையில் டாங்கிகள் அணி அணியாகப் பிளந்துகொண்டு போய், அன்று காலையிலேயே சிலிம் நதிப் பாலத்தைப் பிடித்தன. நான்கே நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது.

மலேசியத் தமிழர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட காலை அது. ஆனால் பிளாஸ்டிக் மாடல் செய்யும் நம் இளைஞர்கள் பலர் ஜெர்மனியின் டைகரையும் ரஷ்யாவின் டி-34ஐயும்தான் செய்கிறார்கள். சேற்றைக்கூட ஐரோப்பியச் சாம்பல் நிறத்தில் பூசுகிறார்கள். நம் சாலையில் ஓடிய வண்டியை, நம் மண்ணின் நிறத்தோடு, நம் கித்தா மரத்தடியில் நிறுத்திக் காட்டுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. சரியான பெட்டியை வாங்குங்கள்

1/35 அளவில் சி-ஹாவை தமியா நிறுவனம் 1970களிலிருந்தே விற்கிறது. பாகங்கள் குறைவு, பொருத்துவது எளிது, தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. ஃபைன் மோல்ட்ஸ் பெட்டியில் நுணுக்கம் கூடுதல். பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

பெட்டியின் மேல் ‘ஷின்ஹோத்தோ’ என்றிருந்தால் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது 47 மி.மீ. பீரங்கி பொருத்திய பிந்திய வகை. மலாயாப் போர் முடிந்த பிறகு, 1942இல் பிலிப்பைன்ஸின் கொரிஹிடோர் தீவில்தான் முதலில் களம் கண்டது. சிலிம் ரிவருக்கு வந்தது குட்டையான 57 மி.மீ. பீரங்கி கொண்ட பழைய வகை.

அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் வண்டி 5.5 மீட்டர் நீளம், 2.33 மீட்டர் அகலம், ஏறக்குறைய 15 டன் எடை, நான்கு பேர் உள்ளே. 35ஆல் வகுத்தால் நீளம் 15.7 செ.மீ., அகலம் 6.7 செ.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

2. பொருள்களைச் சேருங்கள்

பிளாஸ்டிக் வெட்டும் நிப்பர், கூரான கத்தி, 400, 800, 1000 எண் உப்புத்தாள், மெல்லிய பிளாஸ்டிக் பசை, கொஞ்சம் சூப்பர் குளூ, இடுக்கி, மூன்று அளவுத் தூரிகைகள். இவை மாடல் கடையில் கிடைக்கும்.

மீதியைக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் தேடுங்கள். அங்குள்ள துணிக்கடைகளிலும் தையல் பொருள் கடைகளிலும் மாடல்காரனுக்கு வேண்டியது நிறைய உண்டு. மிக நெருக்கமான கண்ணுள்ள நெட் துணி கால் மீட்டர், புகைக்குழாயின் வலை மூடிக்கு. பழுப்பு நிற எம்பிராய்டரி நூல், இழுவைக் கயிற்றுக்கு. மணி கோக்கும் மெல்லிய கம்பி, கைப்பிடிகளுக்கு. மணி ஊசி, துளி பசை வைப்பதற்கு. நெட் துணியை வாங்கும்போது விரல் நகத்தின்மேல் விரித்துப் பாருங்கள். கண்கள் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

3. கழுவி, வெட்டி, தேயுங்கள்

சட்டத்தோடு பாகங்களைப் பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய எண்ணெய் போனால்தான் பெயிண்ட் பிடிக்கும்.

பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு நெருங்கி இன்னொரு வெட்டு, கடைசியில் உப்புத்தாள். சி-ஹாவின் உடல் முழுக்க ரிவெட் ஆணிகள். தேய்க்கும்போது ஒன்றிரண்டு அழிந்துவிட்டால், மணி ஊசி முனையில் வெள்ளைப் பசையைத் தொட்டு அதே இடத்தில் புள்ளி வையுங்கள். காய்ந்ததும் ஆணித்தலை மாதிரியே நிற்கும்.

4. அடிப்பாகமும் சக்கரங்களும்

ஒவ்வொரு பக்கமும் ஆறு சாலைச் சக்கரங்கள். சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம் முன்னால் இருக்கிறது. சக்கரங்களை ஒட்டியதும் வண்டியைச் சமதளமான கண்ணாடிமேல் வைத்து, எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். பசை இறுகுமுன் சரிசெய்தால்தான் உண்டு.

5. கோபுரமும் நுணுக்கங்களும்

சி-ஹாவை அடையாளம் காட்டுபவை மூன்று. கோபுரத்தைச் சுற்றி லாட வடிவில் நிற்கும் வானொலி ஆன்டெனா. கோபுரத்தின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இயந்திரத் துப்பாக்கி. பின்பக்கம் இரு மட்காப்புகளின் மேலும் கிடக்கும் புகைக்குழாய்கள்.

ஆன்டெனாவின் அச்சு வரியைக் கத்தியின் முதுகால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், அழுத்தினால் ஒடியும். புகைக்குழாயின் மேலுள்ள வலை, பிளாஸ்டிக்கில் தடிப்பாகத் தெரிந்தால் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, அளவாக வெட்டிய நெட் துணியைச் சூப்பர் குளூவால் போர்த்துங்கள். துணியின் ஓரம் பிசிறாமல் இருக்க, வெட்டுவதற்கு முன்பே வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தடவிக் காயவைக்க வேண்டும். எம்பிராய்டரி நூலுக்கும் இதையே செய்யுங்கள். பஞ்சு அடங்கினால்தான் அது கயிறாகத் தெரியும்.

6. சங்கிலிப் பட்டை

பழைய பெட்டிகளில் வரும் வினைல் பட்டை விறைப்பாக நிற்கும். உண்மையான சங்கிலியோ தன் எடையாலேயே மேல்பக்கம் தொய்ந்து கிடக்கும். பட்டைக்குத் தனியே நிறம் தீட்டி, மாட்டியபின், மேல்பகுதியைத் தாங்கு உருளைகளின் மீது அழுத்திப் பிடித்துச் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். இந்த ஒரு வேலை செய்யாத மாடல், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், பொம்மையாகவே தெரியும்.

7. பிரைமரும் நிறமும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால், ஈரம் பெயிண்டில் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும். மழை வராத காலைப் பொழுதில், ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் அணிந்து அடியுங்கள். அடித்ததைக் குளிர்சாதன அறையில் ஓர் இரவு காயவிடுங்கள்.

போரின் தொடக்க ஆண்டுகளில் ஜப்பானியத் தரைப்படை டாங்கிகள் காக்கி, பச்சை, பழுப்புத் திட்டுகளோடு, அவற்றின் குறுக்கே வளைந்தோடும் மஞ்சள் பட்டைகளும் கொண்டிருந்தன. தமியா அக்ரிலிக்கில் காக்கிக்கு எக்ஸ்எஃப்-49, பச்சைக்கு எக்ஸ்எஃப்-13, பழுப்புக்கு எக்ஸ்எஃப்-64, மஞ்சளுக்கு எக்ஸ்எஃப்-3 எடுக்கலாம். சிறிய பொருளில் நிறம் கூடுதலாகக் கறுத்துத் தெரியும். ஒவ்வொன்றிலும் சில துளி எக்ஸ்எஃப்-57 சேர்த்து வெளுப்பாக்குங்கள்.

முதலில் உடல் முழுவதும் காக்கி. காய்ந்தபின் பென்சிலால் திட்டுகளின் எல்லையை வரைந்து, பச்சையும் பழுப்பும் தூரிகையால் நிரப்புங்கள். எல்லைக் கோடு கூராக இருக்கட்டும். கடைசியில் மஞ்சள்: நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, கோபுரத்தருகே இரண்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். 2 முதல் 3 மி.மீ. அகலம் போதும். அடிப்பூச்சு முழுதாகக் காயாமல் மேலே தூரிகை வைத்தால் கீழுள்ளது கிளம்பி வரும். பூச்சுக்குப் பூச்சு சில மணி நேரம் விடுங்கள்.

8. குறிகளும் வாஷும்

பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, அதன்மேல் நீர் ஒட்டுப்படங்களை வையுங்கள். பழைய பெட்டியில் படத்தாள் மஞ்சளித்திருந்தால் நெகிழிப் பைக்குள் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். சில நாளில் வெளுக்கும். உங்கள் வண்டிக்குப் புகைப்பட ஆதாரமில்லாத எண்ணையும் கொடியையும் ஒட்டாமல் விடுவதே நேர்மை.

பிறகு அடர்பழுப்பு எனாமல் வாஷை (தின்னரில் நீர்க்கக் கரைத்த பெயிண்டை), கண்ணுக்கு மை தீட்டுவதுபோல, ஆணித்தலைகளின் அடியிலும் தகடுகள் சேரும் இடுக்கிலும் மட்டும் தொடுங்கள். உடல் முழுக்க அள்ளிப் பூசினால் எனாமல் தின்னர் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். மிஞ்சியதை எனாமல் தின்னரை லேசாகத் தொட்ட தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்து, மங்கல் வார்னிஷால் முடியுங்கள்.

9. நம் மண்

இந்த மாடலின் உயிர் இங்கேதான். பேராக், சிலாங்கூர் தோட்டப்புறங்களின் செம்மண்ணை ஒரு கைப்பிடி எடுங்கள். பூஞ்சை வராமலிருக்க வாணலியில் வறுத்து, இடித்து, பழைய நைலான் காலுறையில் சலியுங்கள். 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் 3.5 செ.மீ. கல்லாகிவிடும், ஆகவே முகப்பவுடர்போல் விழும் தூளை மட்டும் பயன்படுத்துங்கள்.

எங்கே, எவ்வளவு என்று யோசித்துப் பூசுங்கள். அன்று டாங்கிகள் ஓடியது தார்ச்சாலையில். பழைய சாலையின் கைவிடப்பட்ட வளைவுகள் தோட்டங்களுக்குள் கிடந்தன. தடையைச் சுற்றிப் போக அவற்றையும் டாங்கிகள் பயன்படுத்தின. ஆக, சேறு சக்கரத்திலும் சங்கிலியிலும் அடிப்பாகத்திலும் இருக்க வேண்டும். கோபுரம் வரை அப்பியிருக்கக் கூடாது. அடிப்பாகத்தில் மங்கல் வார்னிஷோடு குழைத்த மண்ணைக் குத்துத் தூரிகையால் வையுங்கள். ஈரமாகத் தெரியவேண்டிய இடங்களில், சக்கர இடுக்கில், அடர்பழுப்பும் பளபளப்பு வார்னிஷும் ஒரு தொடு. மேல்பரப்புக்கு உலர்ந்த தூளை ஊதிவிட்டாலே போதும்.

10. கித்தாத் தோட்டத் தளம்

20 செ.மீ. நீளப் பலகையில் பாதிச் சாலை, பாதி மண் ஓரம். கித்தா மரத்தை முழு உயரத்துக்குச் செய்யத் தேவையில்லை. 20 மீட்டர் மரம் இந்த அளவில் 57 செ.மீ. ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நேரான குச்சிகளை நிரை பிடித்து நட்டு, மேலே வெட்டிவிடுங்கள். நிரைதான் தோட்டம், தாறுமாறாக நட்டால் காடாகிவிடும்.

பட்டைக்கு வெளிர்சாம்பல் பூசுங்கள். அடியிலிருந்து சுமார் 3 செ.மீ. உயரத்தில் பால்வெட்டுக் கோடு. மரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு இறங்க வேண்டும். கோட்டின் முடிவில் வெள்ளை நிறத்தில் மயிரிழைக் கோடு ஒன்று, அதன் கீழே சிறு மணியால் செய்த பால் மங்கு. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களிடம் காட்டிச் சரிபாருங்கள். அவர்களைவிடச் சிறந்த ஆதார நூல் இல்லை.

11. பார்வைக்கு வைக்குமுன்

அசல் கவச வண்டிகளில் பெயிண்ட் எப்படி மங்குகிறது, துரு எங்கே இறங்குகிறது என்று பார்க்க போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1942 ஜனவரி 18 அன்று மூவாருக்கு அருகே பக்ரி சாலையில் ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையினர் நொறுக்கிய ஜப்பானிய டாங்கிகளின் படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. அவை சி-ஹாவைவிடச் சிறிய டைப் 95 வகை என்றாலும், அக்காலச் சாலையோரம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சான்று.

முடித்த மாடலைக் கண்ணாடிப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு வையுங்கள். பக்கத்தில் தமிழில் ஒரு சீட்டு எழுதுங்கள்: வண்டியின் பெயர், இடம், தேதி, எதிர்த்து நின்ற படைகளின் பெயர்கள். அந்த டாங்கிகளைத் தொடர்ந்து வந்த ஆட்சியில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அதையும் அந்தச் சீட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் நீங்கள் செய்தது அழகான ஆயுதம் மட்டுமே. எழுதிவிட்டால், அதைப் பார்க்கும் பிள்ளை கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும். அடுத்த விடுமுறையில் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்குங்கள்.