வலியைப் பேசிக் குறைக்க முடியுமா?



இடுப்புவலி, மூட்டுவலி இல்லாத அக்கா நம் குழுக்களில் எத்தனை பேர்? ஊசி, மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாச்சு. வீட்டிலோ, "வேலைக்குப் பயந்து சாக்கு சொல்றா" என்கிறார்கள்.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. புண் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அது பொய் வலி இல்லை. கவலையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் கூடும்.

இதற்கு மருந்தோடு பேச்சு சிகிச்சையும் உண்டு. போனிலேயே பெறலாம், வலியோடு பஸ் ஏற வேண்டாம், கூலியும் போகாது. பயத்தைக் குறைக்கவும் தூங்கவும் ஆலோசகர் பழக்குவார். வலி முழுசா போகாமல் இருக்கலாம். ஆனால் அதோடு நடமாட முடியும்.

ஒரு பழக்கம் சொல்கிறோம். வலி குறைந்த நாளில் மொத்தத் துணியும் துவைத்துவிட்டு 2 நாள் படுத்துவிடுகிறோம். அப்படி வேண்டாம். வலி வரும் முன்பே உட்காருங்கள்; கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் செய்யுங்கள்.

வலியால் மனசு சோர்ந்தால் 14416 எண்ணில் பேசலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

கவனம்: கால் மரத்தாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ உடனே மருத்துவமனை போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூட்டத்தில் பேசுவோம்:
1. நம் குழுவில் வலியை மறைப்பவர் யார்? ஏன்?
2. போன் இல்லாத சகோதரிக்கு அரை மணி நேரம் யார் போன் கொடுப்பது?
3. அவர் தனியாகப் பேச எந்த இடம்?